கல்லும் வேண்டாம், கறுப்பும் வேண்டாம்: பட்டர் ஃப்ரூட் பார்த்து வாங்கும் வழி

பட்டர் ஃப்ரூட் வாங்கத் தொடங்கிய புதிதில் எனக்கு வாய்த்தவை இரண்டே வகை. ஒரு வாரம் வைத்தும் அமுங்காத கல். இல்லாவிட்டால், வெளியே பார்க்க லட்சணமாக இருந்து, வெட்டினால் உள்ளே சாம்பல் நிறத்தில் நாறும் கூழ். நடுவில் நல்லதாக ஒன்று கிடைத்தால் அது அதிர்ஷ்டம். காசு கொடுத்து வாங்குகிற பழத்தில் அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? கடைக்காரர்களையும் மலைத் தோட்டக்காரர்களையும் கேட்டு, வீட்டில் வெட்டி வெட்டிப் பார்த்துச் சேர்த்துக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் சந்தையிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ ஆப்பிலோ வாங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். மாம்பழம் மாதிரி இது மரத்திலேயே பழுத்து விழுகிற பழம் கிடையாது. மரத்தில் இருக்கும் வரை முற்றிக்கொண்டே போகும், ஆனால் இளகாது. பறித்த பிறகுதான் பழுக்கத் தொடங்கும். ஆகவே கையில் எடுத்த காயிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: முற்றியதா? பழுத்ததா? எல்லோரும் இரண்டாவதை மட்டும் பார்க்கிறார்கள், அமுக்கி அமுக்கி. முதலாவதுதான் முக்கியம். பழுக்காத காயை வீட்டில் பழுக்க வைத்துவிடலாம். முற்றாமல் பறித்த காயை என்ன செய்தாலும் தேறாது.

1. எந்த வகை என்று பாருங்கள்

நம் கடைகளுக்கு வருவது இரண்டு கூட்டம். ஒன்று நம் பக்கத்து மலைகளில் விளைவது. கீழ்ப்பழனியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், ஏற்காடு, நீலகிரி, வயநாடு, குடகு. பெரும்பாலும் காப்பித் தோட்டத்துக்கு நடுவே நிற்கும் மரங்கள். தோல் பச்சையாக, வழுவழுப்பாக இருக்கும். சிலது உருண்டை, சிலது பேரிக்காய் வடிவம், சிலது கழுத்து நீண்டது. ஒரு காய் 250 கிராமிலிருந்து அரைக் கிலோவுக்கு மேல்கூடப் போகும். ஊதாத் தோல் உள்ளவையும் உண்டு.

இரண்டாவது, இறக்குமதியாகும் ஹாஸ். தான்சானியா, பெரு, நியூசிலாந்து போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. சின்னது, சொரசொரப்பான தடித்த தோல், மேலே ஒரு ஸ்டிக்கர். பழுக்கும்போது பச்சையிலிருந்து ஊதாவாகி, கடைசியில் கறுப்பாகும்.

இந்த வேறுபாடு தெரியாததால்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். இணையத்தில் இருக்கும் குறிப்புகள் பெரும்பாலும் ஹாஸுக்கு எழுதியவை. "தோல் கறுத்தால் பழம்" என்று அதில் படித்துவிட்டு நாட்டுக் காய் கறுக்கும் வரை காத்திருந்தால், கறுக்கிற அன்று அது குப்பைக்குத்தான் போகும். பச்சைத் தோல் வகை பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும். கொஞ்சம் மஞ்சள் ஓடும், மினுமினுப்பு மங்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று. நம் மலை மரங்களில் பெரும்பகுதி கொட்டை போட்டு முளைத்தவை. கொட்டையில் வரும் மரம் தாய் மரத்தைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. ஒரே தோட்டத்தில் ஒரு மரத்துக் காய் வெண்ணெயாக இருக்கும், பத்தடி தள்ளி நிற்கும் மரத்துக் காய் நாரும் தண்ணீருமாக இருக்கும். தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி. 1 போன்ற தேர்ந்த ரகத்தை ஒட்டுக்கட்டி வளர்க்கிறவர்களிடம் வாங்கினால் இந்தச் சீட்டுக்குலுக்கல் குறையும். ஆனால் சந்தைக் கூடையில் அதெல்லாம் கலந்துதான் வரும். அதற்குத்தான் அடுத்த படி.

2. முற்றிய காயா, பிஞ்சா?

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

வரத்துக் குறைவான, விலை ஏறியிருக்கும் மாதங்களில் அவசரப்பட்டுப் பறித்து அனுப்புவார்கள். அப்படி வரும் பிஞ்சு வெளியே பார்க்கப் பெரிதாகவே இருக்கலாம். அளவை வைத்து ஏமாறாதீர்கள். வீட்டில் வைத்தால் பழுக்காமல் வெம்பும். கழுத்துப் பக்கம் சுருங்கும், தோல் ரப்பர் மாதிரி வளையும், உள்ளே சதை சவசவ என்று தண்ணீர் கோத்துக் கசக்கும். நீங்கள் பழுக்க வைத்த முறையில் தப்பில்லை. காய் அப்படிப்பட்டது.

கடையில் வெட்டாமல் பார்க்கக் கூடிய அடையாளங்கள்:

பச்சை வகை என்றால் தோலின் பளபளப்பைப் பாருங்கள். பிஞ்சு எண்ணெய் தடவிய மாதிரி மின்னும். முற்றியது மங்கலாக, பச்சையில் லேசாக மஞ்சள் கலந்து இருக்கும். காம்பை ஒட்டிய பகுதியில் அந்த மஞ்சள் முதலில் தெரியும். ஊதா வகை முற்றும்போது செம்மை கலந்த அரக்கு நிறத்துக்கு வரும்.

கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனமானதை எடுங்கள். இலேசாக இருப்பது நீர் இழந்து வாடியதாக இருக்கலாம்.

கழுத்தில் சுருக்கம் விழுந்திருக்கிறது, ஆனால் அமுக்கினால் கல் என்றால் எடுக்கவே எடுக்காதீர்கள். அது வெம்பல்.

இவை எல்லாம் ஊகம்தான். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒன்றை வெட்டித்தான் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது சதையைக்கூட இல்லை, கொட்டையின் மேல் தோலை. முற்றிய காயில் அந்தத் தோல் மெல்லிசாக, காய்ந்த காகிதம் போல் அடர் பழுப்பாக இருக்கும். பிஞ்சில் அது வெளிறிய மஞ்சளாக, தடிமனாக, ஈரமாகக் கொட்டையோடு ஒட்டியிருக்கும். மலைத் தோட்டக்காரர்கள் அறுவடைக்கு முன் மாதிரிக்கு ஒரு காயை வெட்டிப் பார்ப்பது இதற்குத்தான்.

அதனால் நாட்டுக் காய் மொத்தமாக வாங்கும் எண்ணம் இருந்தால், முதல் நாள் ஒன்றே ஒன்று வாங்குங்கள். பழுக்க வைத்து, வெட்டி, தின்று பாருங்கள். ஒரு வாரம், பத்து நாளுக்குள் ஒரே சீராக இளகிவிட்டது, கொட்டைத் தோல் பழுப்பு, நார் இல்லை என்றால் அதே கடைக்குப் போய், "அண்ணே, போன வாரம் வந்த அதே தோட்டத்துக் காய் இருக்கா?" என்று கேளுங்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் எடுத்துத் தருவார்கள். தருகிற ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மலைப் பாதையில் தோட்டத்துக்காரரே போட்டிருக்கும் கடையென்றால் மரத்தையே காட்டுவார், காய் பறிக்கும் வாரத்தையும் சொல்வார்.

காலமும் பார்க்க வேண்டும். நம் பக்கத்து மலைக் காய்க்கு ஆடி, ஆவணி வாக்கில் வரத்து நன்றாக இருக்கும். குடகு, வயநாட்டுக் காய் அதற்கு முன்னாலேயே வரத் தொடங்கும். பருவத்தின் முதல் வாரங்களில் வருவதில் பிஞ்சு கலந்திருக்க வாய்ப்பு அதிகம், விலையும் அதிகம். அவசரம் இல்லாதவர்கள் இரண்டு, மூன்று வாரம் பொறுத்தால் விலையும் இறங்கும், காயும் முற்றும். அடைமழைக்குப் பிறகு வருவதில் கரும்புள்ளி நோய் கூடுதல். அதைப் பின்னால் சொல்கிறேன்.

3. தொட்டுப் பார்க்கும் முறை

பெருவிரலால் நடுவில் குத்தி அமுக்குவதுதான் நம் ஊர் வழக்கம். தயவுசெய்து விடுங்கள். நீங்கள் அமுக்கிய இடம் அடுத்த நாள் உள்ளே கறுத்திருக்கும். உங்களுக்கு முன்னால் பத்துப் பேர் அமுக்கியிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். கடையில் மேல் தட்டில், முன் வரிசையில் இருப்பவைதான் அதிகம் அடிபட்டவை.

காயை உள்ளங்கையில் வைத்து, ஐந்து விரலையும் மூடி, முட்டையைப் பிடிக்கிற அழுத்தத்தில் மெதுவாக இறுக்குங்கள். அப்புறம் காம்புப் பக்கத்தில் மட்டும் பெருவிரலால் லேசாகத் தொடுங்கள். கிடைக்கும் பதில் நான்கில் ஒன்றாக இருக்கும்.

துளியும் அசையவில்லை: பழுக்க இன்னும் நான்கு முதல் எட்டு நாள். வார இறுதிக்கு வேண்டுமானால் இது.

உறுதி, ஆனால் உள்ளே ஏதோ லேசாக விட்டுக்கொடுக்கிறது: இரண்டு நாள். ஆப்பில் வாங்குகிறவர்களுக்கு வந்து சேர வேண்டிய நிலை இதுதான். வழியில் அடிபடாது.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மெத்தென்று அமுங்கி, விட்டதும் பள்ளம் நிற்கவில்லை: இன்று, நாளை.

அமுங்கிய பள்ளம் அப்படியே நிற்கிறது, தோல் சதையிலிருந்து விலகிக் கொளகொளக்கிறது: வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும்.

"எல்லா இடத்திலும் ஒரே மாதிரி" என்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் கல், இன்னொரு பக்கம் மட்டும் மெத்தென்று இருந்தால் அது பழுத்ததன் அடையாளம் இல்லை. கீழே விழுந்தோ மூட்டையில் நசுங்கியோ கன்றிப்போன இடம் அது.

ஹாஸ் வாங்கும்போது நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பழுக்க வைக்கும் அறையில் இருந்து வந்தவற்றில் தோல் கறுத்திருக்கும், உள்ளே உறுதியாகவே இருக்கும். சில நேரம் பச்சை மாறாமலே இளகிவிடும். நிறம் சொல்வதும் கை சொல்வதும் முரண்பட்டால் கை சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரரிடம், "பழுத்ததா?" என்று கேட்காதீர்கள். பதில் எப்போதும் "நாளைக்கே பழுத்துடும் சார்" தான். அதற்குப் பதிலாக, "அக்கா, இன்னிக்குச் சாப்பிட ஒண்ணு, ரெண்டு நாள் கழிச்சு ஒண்ணு, ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு குடுங்க" என்று கேட்டால் அவர்களே பிரித்து எடுத்துத் தருவார்கள். நம்மைவிட அவர்கள் கைக்குத் தெரியும்.

4. மற்ற சோதனைகள், அவற்றில் உள்ள பொறிகள்

காம்புச் சோதனை. காம்பில் ஒட்டியிருக்கும் குட்டி மூடியை நகத்தால் தட்டினால் கீழே பச்சை மஞ்சளாகத் தெரிந்தால் நல்லது, பழுப்பாகத் தெரிந்தால் கெட்டது என்பார்கள். பாதி உண்மை. கழற வராமல் பிடித்திருந்தால் காய் இன்னும் பழுக்கவில்லை என்று கொள்ளலாம். ஆனால் மூடி எப்போதோ உதிர்ந்துபோன காயில் அந்த இடம் காற்றுப்பட்டே பழுப்பாகிவிடும், உள்ளே நன்றாக இருக்கலாம். தவிர, மூடியைப் பிடுங்கினால் பூஞ்சை உள்ளே போக வாசல் திறந்துவிடுகிறீர்கள். காம்பழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். வாங்கப் போகும் காயில் மட்டும், அதுவும் அன்றைக்கே தின்பதாக இருந்தால் செய்யுங்கள். வாங்காத காயை நோண்டி வைத்துவிட்டு வருவது அடுத்தவர் காசைக் கெடுப்பது.

குலுக்கும் சோதனை. காதருகே வைத்துக் குலுக்கினால் கொட்டை ஆடும் சத்தம் கேட்கிறதா? நாட்டு வகையில் பலவற்றுக்குக் கொட்டை இயல்பாகவே குழிக்குள் தளர்ந்துதான் இருக்கும். சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், அதை வைத்துப் பழுத்தது என்றும் முடிவு கட்ட வேண்டாம். ஹாஸில் கொட்டை இறுக்கமாக இருக்க வேண்டும். அதில் சத்தம் கேட்டால் அளவுக்கு மீறிப் பழுத்தது.

தோல் புள்ளிகள். பழுப்பு நிறத்தில் பட்டை மாதிரி காய்ந்த தழும்பு இருந்தால் கிளையில் உரசியது. உள்ளே ஒன்றும் ஆகாது, விலை குறைத்துக் கேட்கலாம். கறுப்பாக, வட்டமாக, கொஞ்சம் குழிந்த புள்ளிகள் வேறு கதை. அது பூஞ்சை நோய். பறிக்கும்போது கடுகளவு இருந்தது, பழுக்கப் பழுக்க விரிந்து சதைக்குள் இறங்கும். மழைக்காலக் காயில் இது அதிகம். காய் கல்லாக இருக்கும்போதே இரண்டு மூன்று கரும்புள்ளி தெரிந்தால், பழுக்கும் நேரத்தில் பாதிப் பழம் போய்விடும்.

5. ஸ்டிக்கர், பெட்டி, பில்

நாட்டுக் காய்க்குச் சான்று என்று ஒன்றும் இல்லை, கடைக்காரர் வாய்தான். இறக்குமதிப் பழத்துக்கு உண்டு.

ஸ்டிக்கரில் நான்கு இலக்க எண் இருக்கும். 4046 என்றால் சின்ன ஹாஸ், 4225 பெரியது, 4770 மிகப் பெரியது. முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமாக இருந்தால் இயற்கை முறையில் விளைந்தது என்று பொருள். இதன் பயன் ஒன்றுதான்: சின்ன அளவை எண்ணிக்கைக் கணக்கில் பெரிய அளவின் விலைக்கு விற்கிறார்களா என்று பார்க்கலாம்.

பெட்டியாக வாங்குகிறவர்கள் (நான்கைந்து வீடு சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும்) பெட்டியின் பக்கவாட்டைப் படியுங்கள். ஏற்றுமதிப் பெட்டி பொதுவாக 4 கிலோ. அதில் 16 என்று எழுதியிருந்தால் 16 பழம், ஒன்று சுமார் 250 கிராம். 20 என்றால் சுமார் 200 கிராம். எண் கூடினால் பழம் சிறுக்கும். நாடு, ரகம், கட்டிய தேதி இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். கட்டிய தேதி மிகவும் பழையது என்றால் குளிரறையில் நெடுநாள் கிடந்த சரக்கு. அப்படிப்பட்டதில் வெளியே அழகாகவும் உள்ளே சாம்பலாகவும் இருக்கும் ஆபத்து அதிகம்.

ஆப்பில் வாங்கினால், டெலிவரிக்காரர் போகும் முன்னால் ஒவ்வொன்றையும் உள்ளங்கைச் சோதனை செய்யுங்கள். வந்ததும் படம், வெட்டியதும் படம். பணம் திருப்பிக் கேட்க நேர வரம்பு வைத்திருப்பார்கள். கல்லாக வந்த காய் பழுப்பதற்குள் அது முடிந்துவிடும். ஒரு முறை உள்ளே முழுக்கக் கறுத்த பழங்களுக்குப் பணம் கேட்டபோது "காலம் கடந்துவிட்டது" என்று பதில் வந்தது. ஆகவே ஆர்டர் போடும் முன்பே அந்த வரம்பு எத்தனை மணி நேரம் என்று படித்துக்கொள்ளுங்கள். வரம்பு குறைவாக இருக்கும் இடத்தில் "உடனே சாப்பிட" என்று போட்டிருப்பதை வாங்கி அன்றே ஒன்றை வெட்டிப் பாருங்கள்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயு மட்டும் அளவோடு அனுமதி. பெரிய கடைகள் பழுக்க வைத்து விற்பது அந்த முறையில்தான், அதில் பயப்பட ஒன்றுமில்லை. கூடையில் காய்களுக்கு நடுவே தாளில் மடித்த பொட்டலமோ சாம்பல் நிறப் பொடியோ கண்ணில் பட்டால் அந்தக் கடையை விட்டு நகருங்கள்.

6. விலையைச் சதைக்குக் கணக்கிடுங்கள்

கிலோ விலையைப் பார்த்து எது மலிவு என்று முடிவு செய்ய முடியாது. தோலும் கொட்டையும் கழிந்தது போக மிஞ்சும் சதைதான் நாம் வாங்கியது. வீட்டில் ஒரு தடவை எடை போட்டுப் பார்த்தால் உங்கள் கடைக் காயின் கணக்கு தெரிந்துவிடும். பெரிய கொட்டை நாட்டுக் காயில் பாதிகூடப் போய்விடும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நாட்டுக் காய் கிலோ 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 400 கிராம் காய் 72 ரூபாய். சதை அறுபது சதவீதம் என்றால் 240 கிராம். 100 கிராம் சதை 30 ரூபாய். ஹாஸ் ஒன்று 120 ரூபாய், எடை 200 கிராம், சதை எழுபது சதவீதம் என்றால் 140 கிராம். 100 கிராம் சதை சுமார் 86 ரூபாய்.

இதில் வீணாவதையும் சேர்க்க வேண்டும். நாட்டுக் காய் நான்கு வாங்கி ஒன்று கெட்டால் 100 கிராம் 40 ரூபாய் ஆகும். இரண்டு கெட்டால் 60. நான்கில் மூன்று கெட்டால்தான் ஹாஸ் விலையைத் தாண்டும். ஆகவே ஜூஸ், மில்க் ஷேக், குழந்தைக்கு மசியல் என்றால் நாட்டுக் காயே போதும், பருவத்தில் வாங்கினால் லாபம். ரொட்டியில் தடவ, சாலட்டில் துண்டு போட என்றால் ஹாஸுக்குக் கொடுக்கிற கூடுதல் காசுக்குப் பொருள் உண்டு. அதன் சதையில் நீர் குறைவு, எண்ணெய் அதிகம், துண்டு குலையாமல் நிற்கும். நல்ல மரத்து நாட்டுக் காய் கிடைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

7. வீட்டில் பழுக்க வைப்பது

கல்லாக இருக்கும் காயை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பழுக்கத் தொடங்காத காய் 4, 5 டிகிரிக் குளிரில் கிடந்தால் உள்ளே பாதிப்பு ஏற்படும். பிறகு வெளியே எடுத்தாலும் சீராகப் பழுக்காது, சதை சாம்பல் பழுப்பாகிவிடும், தோலில் கறுப்புக் குழிகள் விழும்.

அதே நேரம் சூடும் ஆகாது. இந்தப் பழத்துக்குப் பிடித்தது 18 முதல் 24 டிகிரி வரை. 30 டிகிரிக்கு மேல் போனால் ஒரு பக்கம் இளகும், ஒரு பக்கம் இளகாது, அழுகலும் முந்திக்கொள்ளும். சென்னை, மதுரை, திருச்சிக்காரர்களுக்குச் சித்திரை, வைகாசியில் இதுதான் தலைவலி. சமையலறை மேடை, ஜன்னலோரம், ஃப்ரிட்ஜின் மேல்பக்கம் மூன்றும் வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், தரையோரமாக, நிழலில் வையுங்கள். இரவு ஏசி போடும் அறை இருந்தால் அங்கே.

அவசரம் இல்லை என்றால் கூடையில் ஒன்றோடொன்று அழுந்தாமல் பரப்பி வைத்தால் போதும். சீக்கிரம் வேண்டுமென்றால் செய்தித்தாளில் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு சேர்த்துச் சுற்றுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் இதைத் தூண்டும், இரண்டு நாளாவது மிச்சமாகும். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அரிசிப் பானையில் புதைப்பதும் வேலை செய்யும். அதில் உள்ள ஒரே சிக்கல், புதைத்ததை மறந்துவிடுவோம். நாற்றம் வந்த பிறகுதான் நினைவு வரும், அரிசியும் வீண்.

அடுப்பில், மைக்ரோவேவில் சூடாக்கி இளக வைக்கும் வழிகளைப் பார்த்திருப்பீர்கள். இளகும், பழுக்காது. கசக்கும்.

தினமும் காலையில் ஒரு முறை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மெத்தென்று அமுங்கும் நிலைக்கு வந்த அன்றே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். பழுத்த பிறகு குளிர் ஒன்றும் செய்யாது, மூன்று நான்கு நாள் அப்படியே நிறுத்திவைக்கும். வாரம் முழுவதற்கும் வேண்டுமானால் நிலை வாரியாகக் கலந்து வாங்கி, ஒவ்வொன்றாக வெளியே பழுத்து உள்ளே போகிற மாதிரி ஓட்டலாம்.

8. வெட்டும்போது

தோலைத் தின்னப் போவதில்லை என்றாலும் கழுவிவிட்டு வெட்டுங்கள். தோலில் இருக்கும் அழுக்கும் கிருமியும் கத்தி வழியாக உள்ளே போகும். நீளவாக்கில் கொட்டை வரை வெட்டி, சுற்றிவந்து, இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகினால் பிரியும். கொட்டையில் கத்தியை ஓங்கிக் கொத்தி எடுக்கும் வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள். கத்தி வழுக்கி உள்ளங்கையில் இறங்கித் தையல் போட்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒரு ஸ்பூனை அடியில் விட்டு நெம்பினால் வந்துவிடும். வரவில்லை என்றால் பழம் இன்னும் தயாராகவில்லை.

வெட்டியதும் பார்க்க வேண்டியவை. தோலை ஒட்டி இளம்பச்சை, உள்ளே போகப் போக வெண்ணெய் மஞ்சள்: நல்லது. அங்கங்கே ஓரிரு பழுப்புத் திட்டு: அடிபட்ட இடம், செதுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்னலாம். காம்புப் பக்கமிருந்து கறுப்பு நூல்கள் இறங்குகின்றன: காம்பழுகல், அந்தப் பகுதியைத் தாராளமாக வெட்டித் தள்ளி, மிச்சத்தை முகர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். சதை முழுக்கச் சாம்பல் பழுப்பு: குளிரில் கெட்டது, தேறாது. புளித்த வாடை, பழைய எண்ணெய் வாடை, பூஞ்சை: யோசிக்கவே வேண்டாம்.

கறுப்பில்லாத வெறும் நார் கெடுதி இல்லை. மிக்ஸியில் அடித்து வடிகட்டினால் ஜூஸுக்கு ஆகும். சில முற்றிப்போன பழங்களில் கொட்டை உள்ளேயே முளைவிட்டிருக்கும். பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும் வாடை சரியாக இருந்தால் சதையை உண்ணலாம். கொட்டையை மட்டும் அரைத்துக் குடிக்கச் சொல்லும் வாட்ஸ்அப் வைத்தியத்தை விட்டுவிடுங்கள்.

வெட்டிய பிறகுதான் கல் என்று தெரிந்ததா? எலுமிச்சைச் சாறு தடவி, இரண்டு பாதியையும் பழையபடி சேர்த்து, இறுகச் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் சில சமயம் ஓரிரு நாளில் கொஞ்சம் இளகும். பல சமயம் இளகாது.

9. மிச்சத்தை வைப்பது

பாதி மிஞ்சினால் எலுமிச்சைச் சாறு தடவி, சதையோடு காற்றிடைவெளி இல்லாமல் ஒட்டுகிற மாதிரி உறையால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேலே மெல்லிய பழுப்பு படர்ந்தால் காற்றுப்பட்டதுதான், சுரண்டிவிட்டுத் தின்னலாம். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். தண்ணீரில் மூழ்க வைத்தால் வாரக்கணக்கில் புதிதாக இருக்கும் என்று ஒரு வழி பரவியது. தோலில் இருக்கும் கிருமிகள் அந்தத் தண்ணீரில் பெருகும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. அந்த வழி வேண்டாம்.

ஒரே நாளில் ஐந்தாறு பழுத்துவிட்டால் மசித்து, ஒரு பழத்துக்கு ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்து, சின்னச் சின்ன டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். மூன்று நான்கு மாதம் தாங்கும். எடுத்தால் துண்டு போட வராது, மில்க் ஷேக்குக்கு நன்றாகவே இருக்கும். டப்பா மேல் தேதி எழுதுங்கள்.

ரப்பர் கையுறை, பலூன் போன்றவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தப் பழமும் ஒவ்வாமல் போகக்கூடும். முதல் முறை கொஞ்சமாகத் தின்று பார்க்கட்டும். வீட்டில் லவ் பேர்ட்ஸ் மாதிரிப் பறவை இருந்தால் அதற்கு ஒரு துணுக்குகூடப் போடாதீர்கள், பறவைகளுக்கு இது விஷம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இதன் இலை ஆகாது. மலையில் இருந்து காயோடு வந்த தழையைத் தொழுவத்தில் கொட்டிவிட வேண்டாம்.